பத்து நிமிஷம் பாடு... ரெண்டு வருஷம் படி!

எங்கள் அக்கா வீடு முத்தியால்பேட்டையில். விடியற்காலை நாலரை மணிக்கு அந்தத் தெருவில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, பால்காரர் வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம். மற்றது, அக்கா மகளின் 'ஸா...'

எதிர்வீட்டுத் தாத்தா அலாரம் வைப்பதையே நிறுத்திவிட்டார். "அலாரத்தையாவது தலையில தட்டி நிறுத்தலாம்... இதை எப்படி நிறுத்தறது?" என்று அவருக்கு ஒரு குறை. ஆனால் ஒரு நாள் ஜுரத்தில் அவள் பாடாமல் இருந்தபோது, ஆறு மணிக்கெல்லாம் வந்து கதவைத் தட்டி "பொண்ணுக்கு என்னாச்சு?" என்று விசாரித்ததும் அவர்தான்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே தாளம் டெபிட்டும் கிரெடிட்டும். எங்கே சுற்றினாலும் கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அப்படிப்பட்டவனைத்தான் போன வருஷம் அக்கா கூப்பிட்டு, "டேய், இவ எம்.ஏ. மியூசிக்குக்கு ஆடிஷன் போறா. அவரு லீவு கிடைக்கலைங்கறார். நீ துணைக்குப் போய்ட்டு வா" என்றாள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பஸ் டிக்கெட் விலையைச் சொன்னால்கூட நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்!

போனோம். பெண்ணுக்கு இசையில் டிகிரி இருக்கிறது. நல்ல மார்க். ஒரு வர்ணத்தையும் கல்யாணி ராகத்தில் ஒரு கிருதியையும் ஆறு மாசமாகத் தேய்த்துத் தேய்த்து வெள்ளிக் கும்பா மாதிரி வைத்திருந்தாள். உள்ளே போனவள் பன்னிரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். முகம் சுண்டிக் கிடந்தது.

"என்னடி ஆச்சு?"

"பல்லவி பாடி முடிக்கறதுக்குள்ள 'போதும்மா'ன்னுட்டாங்க மாமா. அதே கல்யாணியில நாலு ஆவர்த்தனம் ஸ்வரம் பாடச் சொன்னாங்க. எடுப்பு ஒன்றரை இடம் தள்ளி."

"அப்படின்னா?"

அவள் பதில் சொல்லவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் ஒரு பாலன்ஸ் ஷீட்டை நீட்டி, "இதைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு டாலி பண்ணு" என்று சொன்ன மாதிரி ஏதோ ஒன்று என்று மட்டும் தெரிந்தது. லிஸ்ட் வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை.

வீட்டில் மச்சான் சந்தர்ப்பத்தை விடுவாரா? "மாப்ளே, நீயே சொல்லு. பாங்க் எக்ஸாம் எழுதச் சொன்னேன், கேட்டாளா? பாட்டுல எம்.ஏ. படிச்சு என்ன பண்ணப் போறா? கல்யாண வீட்டுல மைக் பிடிக்கவா?" அக்கா அடுப்படியில் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். அந்த டங் எந்தச் சுருதி என்று கேட்டால் அவள் மகள் சொல்லியிருப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் மாடியில் தம்பூராவுக்கு உறை போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த உறையைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் வந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் அப்படி என்னதான் கேட்கிறார்கள்?

லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வு பெற்ற இசைப் பேராசிரியை இருக்கிறார். பல வருஷம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து 'போதும்மா' சொன்னவர். பெயர் போட வேண்டாம் என்ற கண்டிஷனோடு, சூடாகச் சுண்டலும் கொடுத்துப் பேசினார்.

"பாட்டுக் கேக்கணும்னா சபா இருக்கு தம்பி. அங்க நாங்க பாட்டுக் கேக்க உக்காரலை. ஒரு பொண்ணு நல்லாப் பாடறாளா இல்லையாங்கறது முதல் ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். சுருதி நிக்குதா, தாளம் கையில இருக்கா... அவ்வளவுதான். மீதி ஒன்பது நிமிஷமும், இவளுக்கு ரெண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தா எவ்வளவு தூரம் போவாங்கறதைத்தான் பாக்கறோம்."

அப்படிப் போடுங்கள்! வீட்டிலிருந்து போகிற பெண் ஆறு மாசம் பாலீஷ் போட்ட கிருதியைக் காட்டுகிறாள். அவர்களோ அந்தக் கிருதியை ஒரு நிமிஷத்தில் ஓரமாக வைத்துவிட்டு, பாலீஷ் போடாத இடத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். வெண்கலப் பாத்திரம் வாங்கப் போகிற பாட்டி அடிப்பக்கத்தைச் சுண்டிப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

"என்னென்ன தட்டிப் பார்ப்பீங்க மேடம்?"

"ஒருத்தருக்கு ஒருத்தர் மாறும். ஆலாபனை பண்ணச் சொல்வோம். ஒரு வரியை எடுத்துக்கிட்டு நிரவல். கல்பனா ஸ்வரம். வர்ணத்தை ரெண்டு காலத்துல. நான் ஒரு சங்கதி பாடுவேன், அதை அப்படியே திருப்பிப் பாடணும். அதுல காது தெரிஞ்சுடும். அப்புறம் எனக்குப் பிடிச்ச கேள்வி ஒண்ணு உண்டு. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பேன்."

என் முழியைப் பார்த்து அவரே விளக்கினார். இரண்டுக்கும் ஏறுவது ஸ-ரி-ம-ப-த-ஸ. இறங்குவது ஸ-நி-த-ப-ம-க-ரி-ஸ. காகிதத்தில் எழுதினால் இரண்டும் ஒன்று. ஒரே வீட்டு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஆரபி விறுவிறுவென்று நடக்கிறவன். தேவகாந்தாரி நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைத்து அசைத்து வருகிறவன். சாயலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நடையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

"அதை வாயால சொல்றவங்களும் உண்டு. பாடிக் காட்டறவங்களும் உண்டு. ரெண்டும் செய்யறவங்க வந்தாங்கன்னா அன்னிக்கு எனக்குத் திருவிழா" என்றார் அம்மா.

சுண்டலை மென்றுகொண்டே நான் கேட்டேன்: "இதையெல்லாம் கேப்போம்னு முன்னாடியே நோட்டீஸ் போர்டுல ஒட்டினா என்ன மேடம்? பாவம், பசங்க தயார் பண்ணிக்கிட்டு வருவாங்களே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒட்டலாம்... நாங்க ஒட்டலை" என்றார்.

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. 'செய்முறைத் தேர்வு நடைபெறும்' என்று ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிற அறிவிப்பை நானே பார்த்திருக்கிறேன். பரீட்சைக்குப் போகிறவனிடம் சிலபஸைச் சொல்ல மாட்டேன் என்றால் கணக்குப் பிள்ளைகள் கலாட்டா செய்வார்கள். சங்கீதப் பிள்ளைகள் தொண்டை கெட்டுவிடும் என்று சும்மா இருக்கிறார்கள் போலும்!

பழைய நாளில் இந்தப் பத்து நிமிஷத் தொல்லையே கிடையாது. குருவிடம் போவான் பையன். "ஒரு பாட்டுப் பாடு" என்பார். பாடுவான். "சரி, கிணத்துல தண்ணி சேந்து" என்பார். அப்புறம் பத்து வருஷம் அங்கேயே கிடப்பான். இவன் தேறுவானா மாட்டானா என்று முடிவு கட்டக் குருவுக்கு அவசரமே இல்லை. அவசரம் வந்தது பல்கலைக்கழகத்தால்தான். ஜூனில் அட்மிஷன், ஜூலையில் வகுப்பு, இத்தனை சீட், இத்தனை அப்ளிகேஷன்.

ஆனால் அந்த அப்ளிகேஷன் ஃபாரம் என்கிற வஸ்துவைக் கேவலமாக நினைக்காதீர்கள். 1929-ல் சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி ஆரம்பித்தார். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை வந்தது. அங்கே பாடத்திட்டம், பாடப் புத்தகம் என்று சங்கீதத்தை வகுப்பறைக்குள் உட்கார வைத்ததில் பெரிய பங்கு பேராசிரியர் பி.சாம்பமூர்த்திக்கு. அவர் பி.ஏ., பி.எல். வக்கீல் படிப்புப் படித்தவர் சங்கீதத்தை ஷரத்து ஷரத்தாகப் பிரித்து எழுதியதில் ஆச்சரியம் என்ன? குருவின் வீட்டுத் திண்ணை எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே யார் உட்காரலாம், யார் கூடாது என்ற கேள்வியெல்லாம் இல்லாமல், தபால்தலை ஒட்டி மனு போட்டால் சங்கீதம் படிக்கலாம் என்று ஆனது இந்த ஊர்களில் பெரிய சமாசாரம். அதிலும் பெண்களுக்கு.

வேடிக்கை என்னவென்றால், மனு போட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் மனு போட்டுப் படித்தவர்கள் இல்லை! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டைகர் வரதாச்சாரியார் இருந்தார். தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த பொன்னையா பிள்ளை இருந்தார். பிற்பாடு எம்.எம்.தண்டபாணி தேசிகர் இருந்தார். 'நந்தனார்' படத்தில் நடித்த அதே தேசிகர்தான். இவர்கள் யாரிடமும் போய் "சார், உங்க நெட் சர்ட்டிபிகேட்?" என்று கேட்டால் என்ன ஆகியிருக்கும்? டைகர் என்ற பட்டம் சும்மா வரவில்லை.

இன்றைக்கு உதவிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் பொதுவாக நெட் வேண்டும். யு.ஜி.சி. அதில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. குருமுகமாகப் படித்து, ஆல் இந்தியா ரேடியோவில் 'ஏ' கிரேடு வாங்கிய கலைஞர்களுக்கு என்று 2018-ம் வருட விதிகளில் ஒரு தனி வழி இருந்தது. மற்றவர்களுக்கு நெட்தான். அது எப்படிப்பட்ட பரீட்சை தெரியுமோ? இரண்டு பேப்பர், மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மார்க். எல்லாம் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. கர்நாடக இசைக்குத் தனிப் பகுதி உண்டு. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, வாயைத் திறந்து ஒரு 'ஸா' சொல்ல வேண்டிய அவசியமே இல்லை! 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் இந்த நெட் மார்க்கைப் பயன்படுத்தலாம் என்று ஆகியிருக்கிறது.

கீழே இறங்கி வாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர 2022 முதல் 'கியூட்' என்று ஒரு பொது நுழைவுத் தேர்வு. எங்கள் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வாசல். அங்கே நிகழ்கலைத் துறையில் நாடகம் படிக்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் கண்ணை மூடியது எங்கள் புதுச்சேரியில்தான், அதனால் நாடகத்துக்கு இங்கே ஒரு உரிமை உண்டு. கியூட்டும் கம்ப்யூட்டர் பரீட்சைதான். மவுஸைக் கிளிக் செய்ய வேண்டும். அதோடு செய்முறைத் தேர்வும் வைத்துக்கொள்கிற துறைகள் உண்டு. நல்லவேளை!

கம்ப்யூட்டர் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. அதற்கு மாமன், மச்சான் கிடையாது. யார் சிஷ்யை என்று அதற்குத் தெரியாது. ஆனால் ஆரபியையும் தேவகாந்தாரியையும் அதனிடம் கொடுத்தால் என்ன செய்யும்? ஆரோகணம் கேட்கும். அவரோகணம் கேட்கும். இரண்டுக்கும் ஒரே பதில். நடையை எப்படிக் கிளிக் செய்வது?

ஆகையால், டிகிரிக்கும் பேராசிரியர் நாற்காலிக்கும் நடுவே இருக்கிற அந்த நீண்ட சாலையில், ஒரு பிள்ளை வாயைத் திறந்து பாட நாலு பேர் காதைத் திறந்து கேட்கிற முக்கியமான இடம் இந்த எம்.ஏ. ஆடிஷன்தான். அதுவும் ஒழுங்காக நடக்காவிட்டால்?

இங்கேதான் 'சிபாரிசு' என்ற பழைய ராகம் வருகிறது.

அம்மாவிடம் நான் நேராகவே கேட்டேன். "சீட்டெல்லாம் முன்னாடியே முடிவாயிடும்னு வெளியில பேசிக்கறாங்களே மேடம்?" அவர் கோபிக்கவில்லை. இட ஒதுக்கீடு என்பது கண்ணுக்குத் தெரிவது, லிஸ்ட்டிலேயே அச்சாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒதுக்கீடு ஒன்று உண்டு, அதுதான் குருவின் பெயர் என்றார். "இன்னார் கிட்ட கத்துக்கிட்டேன்னு ஒரு பொண்ணு சொன்னதும் என் முதுகு என்னை அறியாம நிமிரும். அது தப்புதான். ஆனா நிமிரும்."

வெள்ளைக்காரன் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். திரை! அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி வாத்தியக் குழு 1952-லேயே ஆளைப் பார்க்காமல் திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்கச் சொல்லித் தேர்வு நடத்தியது. 1970-களில் மற்றக் குழுக்களுக்கும் பரவியது. திரை கட்டியும், நடந்து வரும்போது குதிகால் செருப்பின் டக் டக் ஆணா பெண்ணா என்று காட்டிக் கொடுத்துவிடுகிறதே என்று தரையில் கம்பளம் விரித்தார்களாம்! கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2000-ல் இதைக் கணக்குப் போட்டு, திரை வந்த பிறகு பெண்கள் தேறுவது கூடியிருக்கிறது என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. கணக்கு என்றால் ஆடிட்டர் இல்லாமலா? கோல்டினுக்கு 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது, வேறு பெரிய வேலைகளுக்காக.

அதே 1952-ல் இங்கே தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்தார் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டை ரேடியோவிலிருந்து விரட்டி, ஜனங்களை சிலோன் ரேடியோ பக்கம் ஓட வைத்தவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். வித்வான்களுக்கு ஆடிஷன் வைத்து, கிரேடு போட்டு, ஆளின் பெயர் தெரியாமல் கேட்டு மார்க் போடுகிற முறையை ரேடியோவில் வேரூன்ற வைத்ததும் அவர் காலம்தான். "எனக்கே ஆடிஷனா?" என்று பெரிய வித்வான்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனாலும் முறை நின்றது.

"அப்ப நீங்களும் ஒரு திரை கட்டலாமே?" என்றேன் பேராசிரியையிடம், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

சிரித்துவிட்டார். "தம்பி, பியானோவுக்குத் திரை கட்டலாம். நம்ம பாட்டுக்கு எப்படிக் கட்டறது? முதல் சங்கதியிலேயே யார் வீட்டுப் பாடாந்தரம்னு தெரிஞ்சு போயிடுமே!"

எனக்கு அது உறைத்தது. பாணி என்பது மறைக்க வேண்டிய விஷயமே இல்லை. பெண் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததே அதைத்தான். குருவின் சாயல் தெரியாமல் பாடு என்பது, அம்மா முகம் தெரியாமல் சிரி என்று சொல்கிற மாதிரி.

அப்படியானால் நியாயத்துக்கு என்ன வழி? அவர் சொன்னதில் எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் கட்டாயம் வேண்டும். வருகிற எல்லோருக்கும், தயார் செய்து வர முடியாத ஒரு கேள்வியாவது பொதுவாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக மார்க் போட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்து பேச வேண்டும். "இது ஒண்ணு போதும். தலைவர் 'பிரமாதம்'னு சொல்லிட்டார்னா மத்தவங்க பேனா தானா வளைஞ்சுடும்" என்றார். கம்பெனி போர்டு மீட்டிங்கிலும் இதே கதைதான் என்று நான் சொன்னேன். ஆறுதலாக இருந்திருக்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்னொரு கூத்து. முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். அதில் வடிகட்டிய பிறகுதான் நேரில் கூப்பிடுவார்கள். அதற்கும் முன்னால், நீ யாரிடம் படிக்க ஆசைப்படுகிறாயோ அந்தப் பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுது, முடிந்தால் ஒரு வகுப்புப் பாடம் எடுத்துக்கொள் என்று வெளிப்படையாகவே புத்தி சொல்வார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பெண் போய்ப் பேராசிரியரைப் பார்த்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். எது சிபாரிசு, எது குருவைத் தேடிப் போவது? அந்த ஊரிலும் அந்தக் கோடு நேராக இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

புதுச்சேரிக்காரன் பாரிஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் குற்றம். 1795-ல் ஆரம்பித்த பாரிஸ் கன்சர்வேட்டரி, ஐரோப்பாவில் பெயர் பெற்ற சங்கீதப் பள்ளிக்கூடம். 1823-ல் ஹங்கேரியிலிருந்து பிரான்ஸ் லிஸ்ட் என்ற பன்னிரண்டு வயதுப் பையனை அவன் அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். பியானோவில் பூதம். தலைவர் செருபினி, "வெளிநாட்டவருக்கு இடமில்லை, ரூல்ஸ்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். செருபினி யார்? இத்தாலிக்காரர்! லிஸ்ட் உலகத்தையே ஆட்டிய பியானோ மேதை ஆனது பிற்பாடு நடந்த கதை. இத்தாலியில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1832-ல் மிலான் கன்சர்வேட்டரி, வயது மீறிவிட்டது, கை வைக்கிற விதம் சரியில்லை என்று பதினெட்டு வயது வெர்டியைத் திருப்பி அனுப்பியது. இன்றைக்கு அந்தக் கல்லூரியின் பெயரே வெர்டி கன்சர்வேட்டரி!

நாம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம்தான். ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்க மாணவர் இங்கே வந்து, புல்லாங்குழல் டி.விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்றுக்கொண்டு பாடியபோது, யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. 'பாகவதர்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வெர்டி கதையை அக்கா மகளிடம் சொன்னேன். "அவரு வெர்டி மாமா. நான் முத்தியால்பேட்டை" என்றாள். ஆனால் தம்பூரா உறை கழன்றது.

அப்புறம் ஒரு வருஷம். கிருதியை மனப்பாடம் பண்ணுவதைக் குறைத்துக்கொண்டாள். பாரதியார்கூட 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில், எந்த ஊருக்குப் போனாலும் வித்வான்கள் அதே நாலைந்து கீர்த்தனையையே திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள் என்று சலித்துக்கொண்டிருக்கிறார். அவர் பத்து வருஷம் குடியிருந்த ஊர்க்காரி இதைக்கூடக் கேட்காவிட்டால் எப்படி? தினம் ஒரு ராகம். குடத்தில் சீட்டுப் போட்டு அக்கா எடுத்துக் கொடுப்பாள். என்ன வருகிறதோ அதில் பத்து நிமிஷம் ஆலாபனை, ஸ்வரம். எடுப்பு எங்கே என்று சொல்வது என் வேலை. "அரை இடம்! முக்கால்! ஒன்றரை!" என்று ஏலம் விடுகிற மாதிரி கூவுவேன். செலவுக்கு அவளே வழி பண்ணிக்கொண்டாள். விடிகாலையில் 'ஸா' முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அமெரிக்காவில் சாப்பாட்டு நேரத்தில் இருக்கும் நம் ஊர்க் குழந்தைகளுக்குச் சரளி வரிசை. முதல் மாசச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மச்சான் பாங்க் எக்ஸாம் பேச்சைக் கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

இந்த வருஷம் இன்னொரு பல்கலைக்கழகம். மச்சானே லீவு போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன்.

வராந்தாவில் பெஞ்சு. வீணை, வயலின், மிருதங்கம் என்று உறை போட்ட வாத்தியங்களோடு பிள்ளைகள். ஆளாளுக்கு முணுமுணுப்பு. மொத்தமாகக் கேட்டால் தேனீக்கூடு மாதிரி இருந்தது. ஒரு பையன் மட்டும் எதுவும் முணுமுணுக்காமல் உட்கார்ந்திருந்தான். மடியில் நீளமாகத் துணிப்பை. நாதஸ்வரம். பக்கத்தில் அவன் அப்பா, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பேச்சுக் கொடுத்தேன். நாலு தலைமுறையாகக் கோயில் சேவகமாம். "இவனுக்காவது ஒரு உத்தியோகம்னு கிடைக்கட்டும்னுதான் சார். கோயில்ல என்ன கொடுக்கறாங்க?" என்றார். பையனுக்கு வாசிப்பில் பயமில்லையாம். "கேள்வி கேப்பாங்களாமே சார். அதான்..."

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

மற்ற வாத்தியமென்றால் கதவோடு போச்சு. நாதஸ்வரத்துக்குக் கதவு ஒரு பொருட்டா? முதலில் கொஞ்சம் வாசித்தான். நிறுத்தினான். பேச்சு. ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்பாவின் விரல்கள் அங்கவஸ்திர நுனியைத் திருகிக்கொண்டிருந்தன. பதில் தெரியவில்லை போலிருக்கிறது என்று எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் திடீரென்று வந்தது. விறுவிறுவென்று, தேர் வடம் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வாசிப்பு. ஒரு நிமிஷம்தான். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரமாக அசைந்து அசைந்து, சுவாமி திரும்பிக் கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. வராந்தாவில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. எதிர் ரூமில் அப்ளிகேஷனுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த கிளார்க், அடிக்காமல் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

அக்கா மகள் என் காதோரம் கிசுகிசுத்தாள்: "மாமா... முதல்ல ஆரபி. இப்ப தேவகாந்தாரி."

எனக்குப் புல்லரித்தது. என்ன கேள்வி கேட்டிருப்பார்கள் என்று அந்த வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பையன் வாயால் சொல்லத் தெரியாமல் சீவாளியால் சொல்லிவிட்டான். அதற்கு எத்தனை மார்க் போடுவார்கள்? வாய்மொழித் தேர்வு என்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தால், அந்தக் கட்டத்தில் பூஜ்யமா, முழுசா? என் கணக்குப் படிப்பில் இதற்கு விடை இல்லை.

வெளியே வந்தவன் அப்பாவிடம், "தியரி சொல்ல வரலைப்பா" என்றான். தலையைக் குனிந்துகொண்டான். அவர் ஒன்றும் சொல்லாமல் நாதஸ்வரத்தை வாங்கித் துடைத்து உறையில் போட்டார். அக்கா மகள் எழுந்து போய், "அண்ணா, தேவகாந்தாரில அந்த ரிஷபம்... ரொம்ப நல்லா இருந்தது" என்றாள். அவன் நம்பாமல் பார்த்தான்.

அடுத்தது அவள். உள்ளே பதினைந்து நிமிஷம். மச்சான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். லேபர் வார்டு வாசலில்கூட அவர் இப்படி நடந்ததில்லை என்று அக்காவிடம் போன் பண்ணிச் சொன்னேன்.

சிரிக்காமல், அழாமல் வந்தாள்.

"காம்போதி கேட்டாங்க. நிரவல் பண்ணினேன். ஸ்வரம் ஒன்றரை இடம்தான்! விழுந்துட்டேன், ரெண்டாவது ஆவர்த்தனத்துல ஒரு தடவை. எழுந்துட்டேன். அப்புறம், 'பத்து வயசுப் பசங்களுக்கு இந்த எடுப்பை எப்படிச் சொல்லிக் கொடுப்பே?'ன்னு கேட்டாங்க. ஸ்டூடன்ட்ஸ் மாதிரி அவங்களையே தாளம் போடச் சொன்னேன். போட்டாங்க மாமா!"

லிஸ்ட் வரப் பத்து நாள் ஆகுமாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். எனக்கும் அவளுக்கும் சீட் கிடைத்தது. மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி வழியில் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ஏம்மா, அந்த ஒன்றரை இடம்னா என்னதான் அது?" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து, சீட்டின் முதுகில் தட்டிக் காட்டினாள். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அவர் தட்டினார். விரல் எண்ணிக்கையில் தவறினார். மறுபடி தட்டினார். அந்த சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"சாரி சார்" என்றார் மச்சான். "எட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன்."